பாட்டுக்குக் கீழே

ஏழாவது நட்டு கழன்று கையில் விழுந்தபோது ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அப்பா பேசினார்.

"ஏலே, அது ஷமீம் பாய் வண்டி இல்ல."

பெனோ ஸ்பானரைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். வீட்டுக்கு முன்னால் தகரம் இறக்கிப் போட்ட ஒர்க்‌ஷாப் அது. அப்பாவின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தகரமும் கொஞ்சம் வானமும் தவிர எதுவும் தெரியாது. ஆனால் எல்லாம் கேட்கும். மேலப்பாளையத்து ஷமீம் பாயின் லோடு வண்டி வேலைக்கு வந்திருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம்தான் அவரிடம் பொய் சொல்லியிருந்தான்.

"எம் வண்டி பானட்டு தெறக்குத சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் ஜேசுதாசன்.

நாற்பத்தாறு வயதில் திருட்டுப் பூனை மாதிரி அகப்பட்டுக்கொண்டு நிற்பது பெனோவுக்கு வெட்கமாக இருந்தது. என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று காத்திருந்தான். உள்ளே இருமல் கேட்டது. இருமல் அடங்க நேரமாயிற்று.

"எட்டாவது நட்டு உள்ளபுறமா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கைய விட்டுத் தடவித்தான் பாக்கணும். துரு ஏறிக் கெடக்கு. பைய கழட்டு, ஒடச்சிராத."

"சரிப்பா" என்றான் பெனோ.

கடந்த ஒரு மாதத்தில் அவர் அவனிடம் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. கையை உள்ளே விட்டு எட்டாவது நட்டைத் தடவினான். அது அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

வண்டி சபைக்குச் சொந்தமான அமரர் ஊர்தி. டீசல் வேன். பின்பக்கம் கண்ணாடி வைத்து, உள்ளே பெட்டியை இறக்கிவைக்க இரும்பு உருளை போட்டு, இரண்டு பக்கமும் சிலுவை எழுதியிருக்கும். முப்பது வருடம் பாபநாசம் பஸ்ஸை விரட்டு விரட்டென்று விரட்டி, ஓய்வு பெற்ற அதே வருடம் ஜேசுதாசன் இந்த வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் ஒன்றேகால் கிலோமீட்டர். பின்னால் சனம் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து வரும். அந்த நடைக்கு வண்டி போகவேண்டும். முதல் கியரில், ஆக்ஸிலேட்டரில் கால் படாமல், பதினாறு வருடம் அப்படியே ஓட்டினார்.

மனிதருக்கு அது மரியாதை. இஞ்சினுக்கு அது வியாதி. இந்த மாதிரி டீசல் இஞ்சின் தான் விட்ட புகையில் ஒரு பங்கைத் தானே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டமாக ஓடுகிற வண்டியில் அந்தக் கரி அவ்வளவாகத் தங்காது. ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் காற்றுப் போகிற குழாய் முழுக்கப் படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு காற்றுப் போதாமல் கறுப்புப் புகை கக்கும், திணறும், மெதுவாக ஓடும்போது சட்டென்று நின்றுவிடும்.

"வாரத்துக்கு ஒரு நா நாலு வழிச்சாலையில நாங்குநேரி வரைக்கும் மூணாவது கியர்ல வெரட்டிட்டு வாங்கப்பா. பாதிக் கரி தன்னால போயிரும்" என்று பெனோ சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"பொணம் ஏத்துத வண்டிய வெரட்டணுமாம். சொல்லுதான் பாரு யோசன" என்பார் அவர்.

"அப்ப ரெண்டு நா விடுங்க. கழட்டிச் சுத்தம் பண்ணித் தாரேன்."

"சாவு ஒன்ட்ட லீவு கேட்டுட்டா வருது?"

இப்படிப் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அம்மா இருந்த காலத்தில். அம்மா தேவமணி ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்தாள். அன்றைக்கும் வண்டியை அப்பாதான் ஓட்டினார். வேறு யாரையும் விடவில்லை. நடுவழியில் இஞ்சின் நின்று மானம் போய்விடக்கூடாது என்று, பெனோ அன்று காலையில் அவருக்குத் தெரியாமல் டீசல் பம்பில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி, கால் வைக்காதபோது இஞ்சின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலிங்கை, நன்றாக ஏற்றி வைத்துவிட்டான். வண்டி நிற்கவில்லைதான். வழி நெடுக உறுமிக்கொண்டே போனது. கால்வாய்ப் பாலத்து மேட்டில் கக்கிய புகை, பின்னால் வந்த அக்காள் எப்சியின் வெள்ளைச் சேலையில் கரியாக இறங்கியது. பாட்டு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கைகழுவிக்கொண்டிருக்கும்போது அப்பா அவன் பக்கத்தில் வந்தார்.

"வண்டிச் சத்தம் பாட்டுக்குக் கீழ இருக்கணும்லே. ஒங்கம்மைக்குப் பாடுன பாட்ட நான் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் ஒரு தீக்குச்சியில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு, தன்னுடைய பழைய ஐடிலிங் நிற்கும் இடத்தில் ஸ்க்ரூவிலும் பம்பிலுமாக ஒரு புள்ளி வைத்தார். அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஸ்க்ரூ வழியாகத்தான். வண்டி நின்றுவிடும் என்று பெனோ அரைச்சுற்று ஏற்றுவான். அடுத்த சாவுக்கு முன் அவர் புள்ளிக்கு இறக்குவார். அவன் ஏற்றுவான், அவர் இறக்குவார். ஒரே வீட்டில் ஒரே பானையில் சோறு தின்றுகொண்டு ஆறு வருடம் இது நடந்தது. பெனோவின் மனைவி டார்லின் மஸ்கட்டில் நர்ஸ். அவளும் ஊரில் இல்லாததால் வீட்டில் குரல் என்று ஒன்று கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

மூன்று மாதமாக அவர் படுக்கை. வண்டியை பெனோதான் ஓட்டினான். இனி அவர் தடுக்க முடியாது என்ற தைரியத்தில்தான் சபையில் இரண்டு நாள் கேட்டு வாங்கினான். "ரெண்டு நா யாரும் சாவாம பாத்துக்கிடுங்க" என்று கோயில் உபதேசியார் எஸ்றாவிடம் கேலி பேசிவிட்டு வந்திருந்தான்.

எட்டாவது நட்டும் உடையாமல் வந்தது. குழாயைப் பெயர்த்துக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவனுக்கே திக்கென்றது. இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டிய வழியில் சுண்டுவிரல் நுழையவில்லை. கருப்பட்டிப் பாகு இறுகினது போல் கரி சுற்றிலும் அப்பியிருந்தது. இஞ்சினில் திறந்து கிடந்த நாலு வாய்க்கும், உள்ளே தூசி விழாமல், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி அடைத்தான். குழாயை டீசலில் ஊறப்போட்டுவிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட ஆரம்பித்தான். கரி தோடு தோடாக வந்தது. ஜன்னலுக்குள் இந்தச் சத்தம் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை கரி வருகிறது என்று அவரும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் பலமாகவே சுரண்டினான். அவன் மனதில் ஒரு வீம்பு இருக்கத்தான் செய்தது.

காலை எட்டேகாலுக்குப் பக்கத்து வீட்டு அன்னத்தாய் கஞ்சியோடு உள்ளே போனாள். போனவள் சத்தம் போட்டாள்.

"ஏ பெனோ! இங்கன ஓடியா! அண்ணாச்சி என்னமோ மாதிரி இருக்காவ!"

ஓடினான். அப்பா ஜன்னலைப் பார்க்க ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. அவரை மல்லாக்கத் திருப்பி, பனியனை விலக்கி, வெறும் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினான். கைக்கு அடியில் ஏதாவது அசையும் என்று வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். உடம்பில் சூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கையை எடுத்தபோது வெளுத்த அந்த நெஞ்சில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக அவன் கை கறுப்பாக அப்படியே பதிந்திருந்தது.

"போயிட்டாரு" என்றான் அன்னத்தாயிடம்.

டாக்டர் வந்து பார்த்து உறுதி சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. ஒன்பதரைக்கு எஸ்றா உபதேசியார் சைக்கிளில் வந்தார். உள்ளே போய் ஜெபம் பண்ணிவிட்டு வெளியே வந்தவர், பானட் திறந்து வயிறு பிளந்து கிடந்த வண்டியைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என்னவே இது?"

"நேத்துச் சொன்னேன்லா."

"சொன்னேரு. இப்ப என்ன செய்ய? ஐஸ் பெட்டியில வைக்கக் கூடாது, அன்னன்னைக்கே எடுத்திரணும்னு அவரு எத்தன தரம் எங்கிட்டயே சொல்லியிருக்காரு. சபை ஐயர்ட்ட நாலு மணின்னு பேசிட்டேன். ஜங்ஷன்ல வேற வண்டி இருக்கு. நான் ஒரு போன் போடுதேன்."

"வேண்டாம்."

"வே, பெனோ..."

"மூணரைக்கு வண்டி ரெடியா நிக்கும். அவரு அவரு வண்டியிலதான் போவாரு."

வருகிற சனம் வேறு மாதிரி பேசும் என்று எஸ்றாவுக்குத் தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு குழிவெட்டுக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

பேசத்தான் செய்தார்கள். பந்தல் போட வந்தவர்களும் நாற்காலி இறக்கியவர்களும் முதலில் பெனோவிடம் துக்கம் கேட்க வந்து, அவன் கை இருந்த லட்சணத்தைப் பார்த்துக் கையைக் கொடுக்காமலே தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். தகப்பன் உள்ளே பிணமாகக் கிடக்கிறார், மகன் வாசலில் கரி சுரண்டுகிறான். பார்க்க நன்றாகவா இருக்கும்? பெனோவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன செய்வது, கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

டார்லின் போனில் வந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டான்.

"நான் பொறப்பட்டு வரட்டா?"

"லீவு கெடச்சி வந்து சேர ரெண்டு நாளாவும். இன்னைக்கே எடுக்கோம்."

அவள் அழுதாள். மாமா மாமா என்று இரண்டு தரம் சொன்னாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், "சாப்ட்டியளா?" என்று கேட்டாள்.

"ம்" என்றான். சாப்பிடவில்லை.

"கூட யாரு இருக்கா?"

சுற்றிப் பார்த்தான். பந்தலுக்குள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். "எல்லாரும் இருக்காங்க" என்றான்.

பதினொன்றரைக்கு விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எப்சி வந்து இறங்கினாள். அங்கே மில்லில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆட்டோவிலிருந்து அழுதுகொண்டே ஓடி வந்தவள் தம்பியைப் பார்த்ததும் நின்றாள். அவன் ஒரு கையில் குழாயும் ஒரு கையில் கம்பி பிரஷ்ஷுமாக நின்றான்.

"ஏலே, நீ மனுசந்தானா?"

"யக்கா..."

"அப்பா கெடக்குதாவ. நீ என்ன வேலலே செஞ்சிட்டிருக்கே? அம்மைக்கும் இப்பிடித்தான் செஞ்சே. அன்னைக்கு எஞ்சேலையெல்லாம் கரி. அப்பாவால பாட்டக்கூட கேக்க முடியாமப் போச்சி. இன்னைக்கும் அதே கூத்தா? வேற வண்டி சொல்லு."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

"அதுக்குத்தான்க்கா செய்யுதேன்" என்றான்.

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுகை ஜன்னல் வழியாக வந்தது. பெனோ பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டு இழுத்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தான். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கை ஏதுவாக இல்லை. அது பாட்டுக்கு வழிந்து டீசலில் விழுந்தது.

இரண்டாவது தடவை டீசலில் ஊறவைத்துச் சுரண்டினான். குழாயின் திருப்பங்களில் கரி கரைக்கும் ஸ்பிரே அடித்துக் கம்பியை வளைத்து விட்டு நோண்டினான். புகையைத் திருப்பி அனுப்புகிற வால்வு கரியில் ஒட்டி, மூடாமல் பாதித் திறப்பிலேயே நின்றுபோயிருந்தது. புள்ளிக்கு இறக்கினால் வண்டி ஏன் ஓடாமல் அடங்கிப்போகிறது என்பதற்கு முழுக் காரணமும் அதுதான். அதையும் கழற்றி, அழுத்தினால் போய் விட்டால் திரும்பி வருகிறவரை சுத்தம் செய்தான். கம்ப்ரஸர் காற்றை அடித்தபோது கறுப்பாகப் பறந்தது, பிறகு பழுப்பாக, பிறகு வெறும் காற்றாக வந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தான். அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. புது வண்டியில் இப்படித்தான் இருந்திருக்கும். புது வண்டியாக இருந்தபோது அப்பா வைத்த அந்தப் புள்ளியில் இது அடங்காமல் ஓடியும் இருக்கும்.

அந்தப் புள்ளியில் வண்டி ஓடும் என்பதில் அவர் பொய் சொல்லவில்லை. அதைத் தான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை என்று பெனோவுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஒன்றரை மணிக்கு எப்சி ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அவள் குரல் தணிந்திருந்தது.

"லே, அப்பா நெஞ்சில ஒங் கை அப்பிடியே இருக்கு."

பெனோ நிமிர்ந்தான்.

"தேங்காயெண்ண போட்டுத் தொடச்சேன். சோப்புப் போட்டேன். கறுப்பு போய்ட்டு, தடம் போவமாட்டேங்கு."

"கொஞ்சம் டீசல் தாரேன், பஞ்சில..."

"வேண்டாம். சட்ட போட்டு மூடியாச்சி" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது கெடந்துட்டுப் போவுது. ஒரு வாய் காப்பியாவது குடிலே."

காப்பி டம்ளரை அவளே ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். காப்பி முழுக்க டீசல் வாடை அடித்தது. ஆனாலும் குடித்தான்.

குழாயைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் இஞ்சினில் அடைத்த துணிகளை எடுத்து வரிசையாக பானட் ஓரத்தில் வைத்தான். நாலு வாய், நாலு துணி. ஒன்று உள்ளே இருந்துவிட்டால் இஞ்சின் போச்சு. நாலும் இருந்தன. இன்னொரு முறை எண்ணினான். காற்றுக் கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்து, ஏழு நட்டையும் முறுக்கினான். எட்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவி, பைய முறுக்கினான்.

மூன்றரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாவியைப் போட்டான். முதலில் கொஞ்சம் இருமியது. உள்ளே மிச்சமிருந்த ஸ்பிரேயெல்லாம் வெள்ளையாகப் புகைந்தது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்சி வாசலில் வந்து நின்றாள். பெனோ ஆக்ஸிலேட்டரை ஒரே மூச்சில் மிதித்து இரண்டு நிமிடம் விரட்டினான். சாவு வீட்டில் அப்படியொரு சத்தம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு காலை எடுத்தான். புகை நின்றது.

ஐடிலிங் அவனுடைய அரைச்சுற்று ஏற்றத்தில் இருந்தது. இறங்கிப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த ஸ்க்ரூவைத் திருகினான். இஞ்சின் சத்தம் படிப்படியாகத் தணிந்தது. வழக்கமாகத் திணறத் தொடங்கும் இடம் வந்தது. திணறவில்லை. இன்னும் திருகினான். ஸ்க்ரூவிலிருந்த பாதிப் புள்ளியும் பம்பிலிருந்த பாதிப் புள்ளியும் ஒன்றாகச் சேர்ந்தன. வண்டி நின்றுவிடவில்லை. பந்தலில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது.

அவன் அவசரமாகக் குளித்தான். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது எஸ்றா வேறொருவரைக் கூட்டிக்கொண்டு நின்றார்.

"இவரு ஓட்டட்டும்வே. ஒரே மகன் நீரு. பெட்டிக்குப் பின்னால நடக்காண்டாமா?"

எப்சி தம்பியைப் பார்த்தாள். "அவனே ஓட்டட்டும், உபதேசியாரே" என்றாள்.

பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆராதனை முடிந்து, திரும்ப வண்டியில் ஏற்றியபோது நாலரை தாண்டிவிட்டது. பெனோ டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அப்பாவின் சப்பிப்போன குஷன் அதில் கிடந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி வண்டிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கிறபடி இல்லை. நடந்து வருகிறவர்களின் முன்வரிசை தெரியும்படி அப்பா அதைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். மூன்று மாதம் ஓட்டியும் பெனோ அதை மாற்றவில்லை, ஏன் அப்படி என்று யோசிக்கவும் இல்லை. இப்போது பார்த்தான். முதலில் பெட்டியின் விளிம்பு, அதன் மேல் பூ, அதற்கு அந்தப் பக்கம் எப்சி. அவள் கையில் போன். போனில் டார்லினின் முகம் சிறிதாக அசைந்தது.

முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டான். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை. வண்டி தானாக நகர்ந்தது.

பாட்டு தொடங்கியது.

சாவுக்குப் போகும்போதெல்லாம் பெனோ சனத்துக்குள் நடந்துதான் பழகியிருக்கிறான். பாட்டு பக்கத்திலிருந்து கேட்கும். யார் சுதி விலகுகிறார், யார் சும்மா வாயசைக்கிறார் என்று தெரியும். இந்த மூன்று மாதம் ஓட்டியபோதும் இஞ்சின் சத்தம்தான் அவன் காதில் விழுந்தது. இன்றைக்குத்தான் பாட்டு பின்னாலிருந்து வந்தது. அத்தனை குரலும் ஒன்றாகச் சேர்ந்து, பெட்டியின் மேலாக வந்து, அவன் பிடரியில் பட்டது. வண்டியில் பெட்டிக்கும் பாட்டுக்கும் முன்னால் அவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான். இந்த இடத்தில் பதினாறு வருடம் அப்பா தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஊரில் எத்தனையோ பேருக்கான பாட்டு. அம்மாவுக்கான ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. அது தன்னால்தான்.

கால்வாய்ப் பாலத்து மேடு வந்தது. இங்கேதான் அன்றைக்குப் புகை கக்கியது. கண்ணாடியைப் பார்த்தான். எப்சியும் அந்த மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்திருந்தாள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, சுதி கொஞ்சம் குறைந்து, மேட்டில் ஏறியது. அவன் காலை ஆக்ஸிலேட்டருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஏறிவிட்டது. பின்னால் வெள்ளைச் சேலைகளெல்லாம் வெள்ளையாகவே இருந்தன. எப்சி பிடித்திருந்த சேலையை விட்டாள். பாட்டின் அடுத்த சரணத்தை அவள்தான் முதலில் எடுத்தாள். அவளுக்கு எப்போதும் சுதி நிற்காது. அது தனியாகக் கேட்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினான். பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் தோள் கொடுக்கப் போனான். பெட்டி குழிக்குள் இறங்கி மண் விழுகிறவரை அப்பா வண்டியை அணைக்க மாட்டார். அணைத்தால் வேலை முடிந்தது, கிளம்பு என்று சொன்ன மாதிரி இருக்குமாம். அதனால் பெனோவும் அணைக்காமல் வந்திருந்தான்.

சபைக் குருவான ஐயர் வேதம் வாசித்து ஜெபித்தார். கயிறு இறங்கியது. பெனோ மூன்று பிடி மண் போட்டான். மண் போட்ட கையைப் பார்த்தான். கரியெல்லாம் மண்ணில் மறைந்திருந்தது. எல்லாரும் வந்து அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். குழி மூடி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் வரை நின்றான். அதற்குள் சனம் வாசல் பக்கம் கலையத் தொடங்கிவிட்டது.

பெனோ தனியாக வாசலுக்கு வந்தான். வேப்பமரத்தடியில் வண்டி பின்கதவு திறந்தபடி நின்றது. உள்ளே உருளைகளின் மேல் இரண்டு மூன்று சம்பங்கி உதிர்ந்து கிடந்தன. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் அணில் கத்துவது கேட்டது. இஞ்சின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். கிட்டே போய் பானட்டில் உள்ளங்கையை வைத்தான்.

சூடாக இருந்தது. கைக்கு அடியில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"வண்டிய அணைச்சிட்டு வாலே, வீட்டுக்குப் போவம்" என்று எப்சி தூரத்திலிருந்து கூப்பிட்டாள்.

"நீ போய்ட்டிரு யக்கா" என்றான் பெனோ. "வாரேன்."

அவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.